குடைமிளகாய் வாசம் அடித்தால் ஒயின் கெட்டுப்போனதா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு வாசிப்பவர்களுக்கும் புரியும். கோலாலம்பூரிலிருந்து வந்த உங்கள் மச்சான் 55 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சிலி நாட்டுச் சிவப்பு ஒயின் வாங்கி வந்திருக்கிறார். போத்தலில் கார்மெனேர் என்று திராட்சையின் பெயர் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ஜெலுத்தோங்கில் உங்கள் வீட்டில் மட்டன் பிரட்டலோடு அதைத் திறந்தீர்கள். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் நறுக்கிய குடைமிளகாய் வாசம். மச்சான் ‘இது கெட்டுப்போச்சு’ என்றார், இன்னொருவர் ‘மலிவா வாங்கினா இப்படித்தான்’ என்றார். பாதி போத்தலை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்து கேட்கிறீர்கள்: கெட்டுப்போனதா, மலிவு என்பதால் அப்படியா, திராட்சையின் பெயரைப் பார்த்து வாங்குவதில் அர்த்தம் உண்டா, பாவனை எதுவும் இல்லாமல் ஒயினைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி? நான்கு கேள்விகள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது: மற்றவர்கள் வேறு மாதிரிச் சொல்லும்போது, என் மூக்கு சொன்னதை நான் நம்பலாமா?

நம்பலாம். உங்கள் மூக்கு மிகச் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பினாங்கில் ஓர் ஓட்டலில் பத்து ஆண்டுக்கு மேல் ஒயின் பரிமாறும் வேலை, அதன் பிறகு ஆறு ஆண்டுகளாக ஒரு கடையில் ஒயின் தேர்ந்தெடுத்து வாங்கும் வேலை. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒயின் கல்வி அமைப்பின் மூன்றாம் நிலைத் தேர்வையும் எழுதித் தேறியிருக்கிறேன். இருந்தாலும் உங்கள் போத்தலை நான் முகர்ந்து பார்க்கவில்லை. ஆகவே கீழே சொல்வதில் திராட்சையைப் பற்றியது உறுதியானது; உங்கள் போத்தலைப் பற்றியது நீங்கள் எழுதிய விவரத்தை வைத்துச் செய்த ஊகம்.

குடைமிளகாய் வாசத்திலிருந்து தொடங்குவோம். பச்சைக் குடைமிளகாய்க்கு அந்த வாசத்தைக் கொடுக்கும் பொருளை விஞ்ஞானிகள் 1969இல் பிரித்து அடையாளம் கண்டார்கள். மெத்தாக்சிபைரசின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதே பொருள்தான், வேறொன்று அல்ல, சில திராட்சைகளின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிறது. கபெர்னே சாவிஞோன், கபெர்னே ஃபிராங்க், வெள்ளையில் சாவிஞோன் பிளாங்க், இவற்றோடு கார்மெனேர். அந்த வரிசையில் கார்மெனேரில்தான் அது தூக்கலாகத் தெரியும். மிகக் குறைந்த அளவே போதும்: சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்குப் பத்துப் பதினைந்து நானோகிராம் இருந்தாலே பெரும்பாலானவர்களின் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. யாரும் ஒயினில் மிளகாயைப் போடவில்லை, எதுவும் அழுகவும் இல்லை. அந்தத் திராட்சையின் பிறவி வாசம் அது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஓட்டல் சமையற்கட்டில் கற்றுக்கொண்டேன். ஒருநாள் வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் வந்திருந்தார். ஐந்தாறு கிளாஸ்களை வரிசையாக வைத்து, முகர்ந்து பார்த்து எழுதச் சொன்னார். எங்களுக்கெல்லாம் பேனா நகரவில்லை. அவர் கொடுத்த ஆங்கிலப் பட்டியலில் இருந்த பாதிப் பழங்களை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த வழியாகத் தட்டெடுத்துப் போன காய்கறி நறுக்கும் அக்காவிடம் ஒரு கிளாஸை நீட்டி, ‘இது என்ன வாசம்க்கா?’ என்று கேட்டேன். அவர் குடிக்கமாட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்: ‘கேப்சிகத்தைப் பிளந்து, உள்ளே இருக்கிற வெள்ளை நரம்பையும் விதையையும் விரலால வழிச்சுப் போடுவேன்ல, அப்புறம் கையில ஒட்டியிருக்குமே, அந்த வாசம்.’ பயிற்சியாளருக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். அந்தக் கிளாஸில் இருந்தது கார்மெனேர். அன்று அந்த அறையில் யாரும் அதைவிடத் துல்லியமாக எழுதவில்லை.

சரி, அப்படியானால் கெட்டுப்போன ஒயின் எப்படி இருக்கும்? இதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை சந்தேகமே வராது. தக்கையில் உண்டாகும் ஒரு வேதிப்பொருளால் கெட்டால், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம், பூசணம் பிடித்த பழைய செய்தித்தாள் வாசம் அடிக்கும், பழ வாசம் செத்துப்போயிருக்கும். காற்று உள்ளே போய்க் கெட்டால் நிறம் பழுப்பாகி, வெட்டி வைத்து மறந்த ஆப்பிள் வாசமும் காடிப் புளிப்பும் வரும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி மூக்கில் குத்தினாலும் கோளாறுதான். அழுகிய முட்டை, தீக்குச்சி வாசம் லேசாக அடித்தால் பயப்பட வேண்டாம். கிளாஸைச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டால் பல சமயம் போய்விடும்.

நம் ஊரில் இவை எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது சூடு. ஒருமுறை எங்களுக்கு வந்த பெட்டிகளைத் திறந்தபோது, பல போத்தல்களில் தக்கை வாய்க்கு மேலே லேசாகத் தள்ளிக்கொண்டு நின்றது, கழுத்தைச் சுற்றிப் பிசுபிசுப்பு. எங்கோ வெயில் அடிக்கும் கிடங்கில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது. ஊற்றிப் பார்த்தால் பழத்துக்குப் பதிலாக அடிப்பிடித்த ஜாம் வாசம். தயாரித்தவரின் ஓர் ஆண்டு உழைப்பு, கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்து, கடைசி முப்பது மைலில் வீணாகிப்போனது. எனக்கு அன்று வந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: ஒயின் வாங்கும்போது கடையில் குளிர்சாதனம் ஓடுகிறதா, போத்தல் கண்ணாடிச் சன்னல் பக்கம் வெயிலில் நிற்கிறதா என்று பாருங்கள். லேபிளைப் படிப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள். உங்கள் போத்தலில் இந்த அடையாளம் எதையும் நீங்கள் எழுதவில்லை. கறுஞ்சிவப்பு நிறம், குடைமிளகாய், கொஞ்சம் மிளகு, பின்னால் ஏதோ காப்பித்தூள் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல நிலையில் இருக்கும் ஒரு கார்மெனேரின் விவரணை.

திராட்சையின் பெயருக்கு அர்த்தம் உண்டா என்று கேட்டீர்களே, இந்தத் திராட்சையின் கதையே அதற்குப் பதில். கார்மெனேரின் பூர்வீகம் பிரான்சில் போர்தோ பகுதி. இலையுதிர் காலத்தில் அதன் இலைகள் கருஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்துக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள். மரபணுச் சோதனைப்படி கபெர்னே ஃபிராங்க் அதன் பெற்றோரில் ஒன்று. மெர்லோவுக்கும் கபெர்னே சாவிஞோனுக்கும் அதே கபெர்னே ஃபிராங்க்தான் ஒரு பெற்றோர். ஆக இந்த மூன்றும் ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை, ஒரு பக்கத்தில் உடன்பிறப்புகள். முகச்சாயல் ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலியின் பணக்காரக் குடும்பங்கள் போர்தோவிலிருந்து கொடிக் குச்சிகளை வரவழைத்து நட்டார்கள். அதற்குப் பிறகு 1860களில், வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சிரா என்ற, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவு சின்ன வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டுத் தோட்டங்களை மறுபடி எழுப்பியபோது, போர்தோக்காரர்கள் கார்மெனேரைக் கைவிட்டார்கள். பூத்தது எல்லாம் காயாகாது, பழுப்பதும் மிகத் தாமதம். குளிரும் மழையும் உள்ள ஊரில் அதை வைத்துப் பிழைக்க முடியாது. சிலியிலோ அது பெரிய அளவில் தப்பித்தது. ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை, மறு பக்கம் பசிபிக் கடல், வடக்கே அட்டகாமா பாலைவனம். அந்தப் பூச்சி இன்றுவரை அங்கே காலூன்றவில்லை.

ஆனால் சிலியில் அது என்ன பெயரில் வாழ்ந்தது தெரியுமா? மெர்லோ என்ற பெயரில். குச்சிகள் கலந்தே வந்தன, கலந்தே நடப்பட்டன, காலப்போக்கில் எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலி மெர்லோ ஏன் பிரெஞ்சு மெர்லோ மாதிரி இல்லை, ஏன் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது என்று கேட்டால், மண் அப்படி என்று சொல்லிவந்தார்கள். 1994 நவம்பர் 24 அன்று, பிரான்சின் மான்பெலியே நகரிலிருந்து வந்த திராட்சைக்கொடி நிபுணர் ஜான்-மிஷேல் பூர்சிகோ, மைப்போ பள்ளத்தாக்கில் கார்மென் ஒயின் நிறுவனத்தின் தோட்டத்தில் மெர்லோ என்று பெயர் எழுதிய வரிசையில் நின்றார். பூக்கும் பருவம். பூவின் மகரந்தத் தாள்கள் மெர்லோவில் இருப்பதுபோல் நிமிர்ந்து நிற்காமல் முறுக்கிக்கொண்டிருந்தன. இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். நூறு ஆண்டுக்கு மேல் வேறு பெயரில் இருந்த ஒரு திராட்சைக்கு அன்றைக்குத்தான் தன் பெயர் திரும்பக் கிடைத்தது. அப்போது சிலியின் அனுமதிப் பட்டியலில்கூட அந்தப் பெயர் இல்லை. அதனால் முதல் போத்தல்கள் கிராண்ட் வித்யூர் என்ற இன்னொரு பழைய பெயரில் விற்பனைக்கு வந்தன. 1998இல்தான் அரசு அதைத் தனி வகையாக ஏற்றது. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

பெயர் மாறியதால் ஒயின் மாறியதா என்றால், மாறியது. கார்மெனேர் மெர்லோவைவிட மூன்று நான்கு வாரம் தாமதமாகப் பழுக்கும். ஒரே தோட்டம் என்று நினைத்து ஒரே நாளில் பறித்தால், மெர்லோ பழம், கார்மெனேர் காய். பினாங்குக்காரரான உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பாலிக் புலாவில் டுரியான் தானாக விழும்வரை காத்திருப்பார்கள். மரத்திலேயே வெட்டி இறக்கியதற்கும் விடியற்காலையில் விழுந்ததைப் பொறுக்கியதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். வேறு பழம், வேறு வேதியியல், ஆனால் காத்திருப்பதன் கணக்கு ஒன்றுதான். குடைமிளகாய் வாசத்தைத் தரும் அந்தப் பொருள், திராட்சை காயாக இருக்கும்போது ஏறி, பழுக்கப் பழுக்க, குலைமீது வெயில் படப் பட இறங்கும். இன்று கார்மெனேரைத் தனியாகப் பிரித்து, ஏப்ரல் கடைசி, மே வரை கொடியிலேயே விட்டுப் பறிக்கிறார்கள். அப்படிப் பழுத்ததில் குடைமிளகாய் பின்னால் போய், நாவல்பழமும் கசப்புச் சாக்லேட்டும் வறுத்த காப்பிக்கொட்டையும் முன்னால் வரும். சிலருக்குக் கிச்சாப் (சோயா சாஸ்) வாசம் தெரியும், எனக்குத் தெரியும்.

அப்படியானால் மலிவு என்பதால்தான் பச்சை வாசமா என்ற கேள்விக்குப் பாதி ஆம் என்று சொல்லவேண்டும். மலிவான போத்தலுக்கான திராட்சை பெரும்பாலும் சமதரையில், ஒரு கொடிக்கு நிறையக் குலை விட்டு, இயந்திரத்தால் பறித்தது. எல்லாம் ஒரே சீராகப் பழுக்கும்வரை காத்திருக்க அந்த விலை இடம்கொடுக்காது. ஆனால் விலை உயர்ந்த கார்மெனேரிலும் அந்த வாசம் ஓரளவு இருக்கும், வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவைப்பவர்களும் உண்டு. எவ்வளவு இருந்தால் அழகு, எவ்வளவு இருந்தால் குறை என்பதில் தொழில் தெரிந்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. என் கருத்து, பழ வாசமும் கூடவே இருந்தால் பச்சை வாசம் நல்ல துணை. பச்சை மட்டுமே இருந்தால் அவசரப்பட்டுப் பறித்திருக்கிறார்கள்.

விலை பற்றி இங்கே ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. மலேசியாவில் மதுவின் கலால் வரி 2016 முதல் போத்தலில் உள்ள சுத்த ஆல்கஹாலின் அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 750 மில்லிலிட்டர் போத்தலில் 13.5 சதவீதம் என்றால் சுமார் 101 மில்லிலிட்டர் ஆல்கஹால். 40 வெள்ளிப் போத்தலானாலும் 120 வெள்ளிப் போத்தலானாலும் அந்த வரி ஒன்றுதான். ஆகவே மிக மலிவான போத்தலில் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு வரிக்கும் கண்ணாடிக்கும் கப்பலுக்கும் போய்விடும். உள்ளே இருக்கும் திராட்சைக்கு மிஞ்சுவது கொஞ்சம். 55க்குப் பதில் 75 கொடுத்தால், கூடுதலான இருபதில் நல்ல பகுதி உண்மையிலேயே ஒயினுக்குப் போகும். அதற்கு மேலே ஏற ஏற அந்த லாபம் குறையும். மாதம் ஒரு போத்தல் வாங்குபவர் என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் மேலானதாக வாங்குங்கள் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன்.

இனி சுவைத்துப் பார்ப்பது. நம் வீட்டில் நடக்கும் முதல் தவறு வெப்பநிலை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்று சொன்னவர்கள், 16, 18 டிகிரி இருந்த ஐரோப்பியக் கல் வீடுகளில் இருந்து சொன்னார்கள். ஜெலுத்தோங்கில் மின்விசிறிக்குக் கீழே 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழம் தெரியாது. ஃபிரிட்ஜில் நாற்பது நிமிடம் வைத்து எடுங்கள். ரொம்பக் குளிர்ந்தாலும் துவர்ப்பு தூக்கும், அதனால் கிளாஸை உள்ளங்கையில் பிடித்துக் கொஞ்சம் சூடேற்றிக்கொள்ளலாம். கிளாஸ் விலை உயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. வயிறு அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருந்தால் போதும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

முதலில் அசைக்காமல் முகருங்கள். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முகருங்கள். என்ன ஞாபகம் வருகிறதோ அதைத் தமிழிலேயே, உங்கள் வீட்டுச் சொல்லிலேயே எழுதுங்கள். ஆங்கிலப் பட்டியலில் இருக்கும் பிளாக்கரண்ட் பழத்தை நான் முதன்முதலில் பழமாகப் பார்த்தபோது வேலைக்குச் சேர்ந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தது. அதுவரை நான் அந்தச் சொல்லை எழுதியதெல்லாம் மனப்பாடம். நமக்கு நாவல்பழம் தெரியும், புளி தெரியும், உப்பிட்டுக் காயவைத்த பிளம், அசாம்போய் என்போமே, அது தெரியும். ஜாதிக்காய்த் தோல், வறுத்த மல்லி, மழை பெய்த மண், மங்குஸ்தான் தோலை உரித்த கை, கோப்பிக்கடையில் வெண்ணெய் போட்டு வறுத்த கொட்டை, எல்லாம் தெரியும். இவற்றில் எது உங்களுக்குத் தோன்றினாலும் அது சரியான பதில்தான், ஏனென்றால் அடுத்த முறை அந்த வாசம் வரும்போது உங்களால் அடையாளம் காணமுடியும்.

அப்புறம் ஒரு வாய். உடனே விழுங்காமல் வாய் முழுக்க ஓடவிட்டு, கொஞ்சம் காற்றை உள்ளிழுங்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள்: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தால் புளிப்பும் துவர்ப்பும் மட்டும்தான் தெரியும், மூக்கை விட்டதும் பழமும் மிளகும் திடுமென்று வந்து சேரும். சுவை என்று நாம் சொல்வதில் எவ்வளவு வாசம் என்பது அந்த ஒரு நொடியில் விளங்கிவிடும்.

நாக்குக்கு வரும்போது தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. சிவப்பு ஒயினின் முதுகெலும்பு டானின் என்ற துவர்ப்புப் பொருள். ஆங்கிலத்தில் படிக்க வருபவர்கள் கசப்பையும் டானினையும் பிரித்தறிய வாரக்கணக்கில் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அறுசுவையில் துவர்ப்பு என்று தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. வாழைப்பூ, பாக்கு, நெல்லிக்காய், பழுக்காத நாவல், பத்து நிமிடம் பையோடு ஊறிய தே-ஓ என்ற பாலில்லாத தேநீர். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வழவழப்பை இழந்து வரண்டு இழுக்கிறது, அவ்வளவுதான் அதன் இயக்கம். புளிப்பு அதற்கு எதிர். கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் ஊறவைக்கும். ஆல்கஹால் தொண்டையில் சூடாக இறங்கும். கார்மெனேரில் துவர்ப்பு மென்மை, கபெர்னே சாவிஞோன் அளவுக்கு ஈறைப் பிடிக்காது. புளிப்பும் மட்டாகத்தான் இருக்கும், நிறம் மட்டும் அடர்த்தி. புதிதாகப் பழகுபவர்களுக்கு அதனால்தான் இதை நான் கையில் எடுத்துக் கொடுக்கிறேன். விழுங்கியபின் வாசம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். மலிவான போத்தலில் ஐந்தாறு எண்ணுவதற்குள் போய்விடும். நல்லதில் இருபது வரை நிற்கும்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒயின் சரியாகப் படாததற்கு மட்டன் பிரட்டலும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மிளகாய்க் காரத்தை உணரும் நரம்பு முனைகளையேதான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. காய்ந்த மிளகாய் அள்ளிப்போட்ட பிரட்டலோடு 13.5 சதவீத ஒயின் சேர்ந்தால் காரம் எரிச்சலாகும், பழம் மறைந்து துவர்ப்பும் பச்சையும் மட்டும் மிஞ்சும். அதே மட்டனை மிளகும் சோம்பும் தூக்கலாக, மிளகாயைக் குறைத்து வறுவலாகச் செய்து பாருங்கள். உப்பு சரியாக இருந்தால் துவர்ப்பு அடங்கும், இறைச்சியின் கொழுப்பும் புரதமும் டானினைத் தாங்கிக்கொள்ளும். பச்சைக் குடைமிளகாய் போட்டு வதக்கிய மாட்டிறைச்சியோ காளானோ இந்தத் திராட்சைக்கு என் கையில் இதுவரை பொய்த்ததில்லை. வாசத்தோடு வாசம் ஒட்டிக்கொள்ளும். மீன் குழம்போடு வேண்டாம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் வீட்டில் அதை ஆய்வில்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

நீங்கள் கேள்விப்பட்டதாக எழுதிய மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளாஸின் உள்சுவரில் வழியும் கோடுகள் தரத்தைக் காட்டும் என்பது சரியில்லை. ஆல்கஹாலும் தண்ணீரும் வெவ்வேறு வேகத்தில் ஆவியாவதால் வருவது அது, ஆல்கஹால் அதிகம் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது. லேபிளில் ரிசர்வா என்று போட்டிருந்தால், ஸ்பெயினில் சிவப்பு ஒயின் குறைந்தது மூன்று ஆண்டு முதிர்ந்து, அதில் ஓராண்டாவது மரப்பீப்பாயில் இருந்தது என்று பொருள். சிலியில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை, அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

இதில் எனக்குக் கவலை உண்டு, மறைக்க விரும்பவில்லை. நம் மக்களுக்கு மது என்றால் தோட்டத்துச் சம்சு என்ற மலிவுச் சாராயம்தான் முதலில் நினைவுக்கு வரும். அது எத்தனை குடும்பத்தின் சம்பளத்தையும் உயிரையும் குடித்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். உங்கள் வீட்டில் யாராவது முகம் சுளித்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே சட்டப்படி 21 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கவும் கூடாது. நான் சொல்லித்தருவது, ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு முகர்ந்து பேசுவதற்கான வழி. காய்கறி நறுக்கும் அந்த அக்கா ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல்தான் எல்லாரையும்விட நன்றாகச் சொன்னார்.

இப்போது ஃபிரிட்ஜில் இருக்கும் பாதி போத்தல். மூடி இறுக்கமாக இருந்தால் மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் புளிப்பு ஏறத் தொடங்கும். ஆகவே புதன் இரவுக்குள் பாருங்கள். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன் வெளியே எடுத்து வையுங்கள். முடிந்தால் அதே விலையில் ஒரு சிலி மெர்லோவை வாங்கிவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றுங்கள். ஒரு பச்சைக் குடைமிளகாயைப் பிளந்து, விதையை விரலால் வழித்துவிட்டு, அந்தக் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டு இரண்டு கிளாஸையும் முகருங்கள். மச்சான் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை என்றால் எந்தக் கிளாஸில் எது என்று சொல்லாமல் அவரிடமும் நீட்டுங்கள். மீந்துபோனால் கொட்டவேண்டாம், மட்டனை வேகவைக்கும்போது அரைக் கிளாஸ் ஊற்றி, மூடாமல் நன்றாகச் சுண்டவிட்டால் குழம்புக்கு நிறமும் மெல்லிய புளிப்பும் கிடைக்கும். ஆனால் ஆல்கஹால் முழுதாகப் போய்விடாது, பிள்ளைகளுக்கான குழம்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.